டி.எச். ரோட்ல சைக்கிளுக்குத் தனி லேன் கேக்குறோம், இடமே இல்லங்கிறாங்க

கேள்வி: அக்கா, நான் வடசென்னை தண்டையார்பேட்டைல இருக்கேன், சாயந்திரம் பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாசம் எங்ககிட்ட படிக்கிற பதினொண்ணாவது பையன், ஸ்கூல்ல குடுத்த சைக்கிள்ல டி.எச். ரோட்ல, அதான் திருவொற்றியூர் ஹைரோட்ல, வந்துட்டிருந்தான். ஓரமா ஒரு வேன் நிறுத்தி வெச்சிருந்தாங்க, அத சுத்தி வர்றதுக்கு வெளிய ஒடிச்சான், பின்னாடி வந்த லாரி இடிச்சு கால் உடைஞ்சிடுச்சு. அதுலேர்ந்து எங்க தெருவுல நாலஞ்சு வீட்ல சைக்கிள பூட்டியே வெச்சிட்டாங்க. ஏரியா பசங்களும் பெத்தவங்களும் சேர்ந்து கையெழுத்து வாங்கி, சைக்கிளுக்கு தடுப்பு வெச்ச தனி லேன் வேணும்னு மனு குடுத்தோம். அதிகாரி ஒருத்தர் "ரோட்ல இடம் எங்கப்பா இருக்கு, வேணும்னா கோடு போட்டுத் தரச் சொல்றேன்"னாரு. கடைக்காரங்க பார்க்கிங் போயிடும்னு எங்க மேல கோவமா இருக்காங்க. சில பேர் மறியல் பண்ணாத்தான் வேலைக்காகும்னு சொல்றாங்க. நீங்க ரோடு டிசைன் பண்றவங்க, நாங்க அடுத்து என்ன பண்ணணும்?

பதில்: தம்பி, லேன் விஷயத்துக்கு முன்னாடி அந்தப் பையன் வீட்ல ஒண்ணு கேளுங்க. எஃப்ஐஆர் போட்டாங்களா, அதோட காப்பி கைல இருக்கா, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் பத்திரமா இருக்கான்னு. மோட்டார் விபத்து நஷ்டஈடு கேஸ், நடந்த தேதிலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள போட்டாகணும், 2022-லேர்ந்து அதான் கணக்கு. நம்ம பக்கம் நெறைய பேர் கால் சரியானதுக்கப்பறம் பாத்துக்கலாம்னு விட்டு அந்த ஆறு மாசத்த கோட்டை விட்டுடறாங்க. ஒரு வக்கீல்கிட்ட இந்த வாரமே போகச் சொல்லுங்க.

இப்ப லேனுக்கு வரேன். கோடு மட்டும் போட்டுத் தரேன்னா ஒத்துக்காதீங்க. அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, ஓரத்துல வண்டி நின்னுச்சு, அதனால வெளிய வந்தான். வெறும் கோடு போட்ட லேன்ல நாளைக்கே அதே வேன் அந்தக் கோட்டு மேல நிக்கும், பையன் திரும்பவும் வெளிய வருவான், அதே லாரி பின்னாடி வரும். அப்ப ஒண்ணுமே மாறல, ஆனா ஃபைல்ல மட்டும் "சைக்கிள் லேன் அமைக்கப்பட்டது"ன்னு எழுதி மூடிடுவாங்க, அடுத்த தடவ நீங்க போனா ஏற்கனவே குடுத்தாச்சேன்னு சொல்லுவாங்க. நீங்க கேக்க வேண்டியது வண்டி ஏறவே முடியாத தடுப்பு: சிமெண்ட் கர்ப் (ரோட்டோரமா உசத்திக் கட்டுற கட்டை), இல்ல நெருக்கமா நட்ட கம்பம், உள்ள நுழையிற இடத்துல ஆட்டோ கார் போக முடியாத அளவுக்கு இடைவெளி. இதுல பேரம் பேசாதீங்க. நீளத்துல வேணா பேரம் பேசுங்க, ஒரு கிலோமீட்டர் கேட்டு அரை கிலோமீட்டர் குடுத்தாலும் வாங்கிக்கலாம், ஆனா அந்த அரை கிலோமீட்டரும் தடுப்போட இருக்கணும்.

தடுப்பு மட்டும் இருந்தா போதுமான்னா, அதுவும் இல்ல. டெல்லில 2008-ல பிஆர்டின்னு பஸ்ஸுக்கு தனி வழி போட்டப்ப கூடவே சைக்கிளுக்கும் தனிப் பாதை போட்டாங்க, நல்ல அகலம்தான், ஆனா டூவீலர்க்காரங்க ஜாம்ல நிக்க முடியாம அதுக்குள்ள பூந்து போக ஆரம்பிச்சாங்க, கடைசில 2016-ல அந்த பிஆர்டி காரிடாரையே எடுத்துட்டாங்க, அதுக்கு வேற வேற காரணம் நெறைய உண்டு, ஆனா சைக்கிள்காரங்களுக்கு நிஜமான தொல்லை அந்த பைக்குங்கதான். சென்னைல இது இன்னும் ஜாஸ்தியா இருக்கும். அதனால நுழைவாயில்ல என்ன வைக்கப் போறாங்கன்னு டிராயிங்லயே கேட்டு வாங்கணும். சைக்கிள் டிராக்குன்னு ஒரு பாதைய ஒதுக்கிட்டா அதுல மோட்டார் வண்டி ஓட்டக்கூடாதுன்னு சாலை விதிலேயே இருக்கு, அதனால டிராஃபிக் போலீஸுக்கு அபராதம் போட அதிகாரம் இருக்கு. அவங்களையும் ஆரம்பத்துலேயே கூட்டிட்டு வந்து பேச வெக்கணும்.

ஆனா ஒரு விஷயத்துல அந்த அதிகாரி சொல்றது பாதி உண்மைதான். உங்க ஏரியால உள்ள எல்லா தெருவுக்கும் தனி லேன் வைக்க இடமும் இல்ல, தேவையும் இல்ல. ரெண்டு பக்கமும் வீட்டுப்படி ரோட்டுக்கே வந்து முட்டுற குறுக்குத் தெருவுல சைக்கிளுக்கு வேண்டியது லேன் இல்ல, மெதுவா போற வண்டிங்க. சென்னை டிராஃபிக் போலீஸ் 2023 நவம்பர்ல கொண்டுவந்த வேக வரம்புல குடியிருப்புப் பகுதில எந்த வண்டியா இருந்தாலும் 30 கிலோமீட்டர்தான். நடந்து போறவங்கள முப்பதுல இடிச்சா பத்துல ஒம்போது பேர் பொழைச்சுக்குவாங்க, நாப்பத்தஞ்ச தாண்டினா பாதிப் பேர் கூட தேற மாட்டாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆக உள்தெருவுக்கெல்லாம் ஒழுங்கான ஸ்பீட் பிரேக்கர், முனைல போர்டு, லாரி நுழையாம தடை, இத மட்டும் கேளுங்க. தனி லேன டி.எச். ரோடு, எண்ணூர் ஹைரோடு மாதிரி பஸ்ஸும் லாரியும் ஓடுற ரோட்டுக்குன்னு வெச்சுக்கோங்க. மனுவுல "எங்கள் பகுதி சாலைகள் அனைத்திலும்"னு எழுதியிருந்தீங்கன்னா அதனாலதான் அவர் சுலபமா இல்லன்னு சொல்லிட்டாரு.

டி.எச். ரோட்லயும் எல்லா இடமும் ஒண்ணு கெடையாது. தண்டையார்பேட்டை வரைக்கும் மெட்ரோ பூமிக்கு அடில போகுது, அதுக்கு வடக்க தூண் மேல ஏறிடுது. 2021 பிப்ரவரில விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சுச்சே, அந்தத் தூணெல்லாம் ரோட்டு நடுவுல நிக்குது, அத ஒண்ணும் பண்ண முடியாது, ரெண்டு பக்கமும் மிச்சம் இருக்கிற அகலத்துலதான் எல்லாமே. அதனால முதல்ல அகலமா இருக்கிற ஒரு துண்டத் தேர்ந்தெடுங்க, ஸ்கூலையும் நீங்க இருக்கிற பக்கத்தையும் இணைக்கிற துண்டா இருந்தா ரொம்ப நல்லது. ஒரு டேப் எடுத்துட்டு ஞாயித்துக்கெழம விடியக்காலைல போய் அளங்க, நூறு நூறு அடிக்கு ஒரு தடவ, கடை ஓரத்துலேர்ந்து சென்டர் மீடியன் வரைக்கும். ஒரு பஸ்ஸோட அகலம் ரெண்டரை மீட்டர், அது ஓடுற லேனுக்கு மூணுலேர்ந்து மூணரை மீட்டர் போதும். சைக்கிள் லேனுக்கு ரெண்டு மீட்டர். நிக்கிற கார் ஒண்ணு எடுத்துக்கிற அகலமும் கிட்டத்தட்ட அதே ரெண்டு மீட்டர்தான். ரோட்ல இடம் இல்லங்கிறவர்கிட்ட இந்த அளவுகள வெச்சு, இந்த எடத்துல நாள் முழுக்க கார் நிக்க இடம் இருக்கு சார், பசங்க போக மட்டும் ஏன் இல்லன்னு மரியாதையாக் கேளுங்க. பதில் சொல்லியே ஆகணும்.

அடுத்ததா, இதுதான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியம்னு தோணுது, எண்ணுங்க. நம்ம வடசென்னைல சைக்கிள் யாரு ஓட்டுறான்னு ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. சைக்கிள் லேன்னு சொன்ன உடனே அவங்க மனசுல வர்றது ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம ஈசிஆர்ல போறவங்க. இங்க விடியக்காலைல காசிமேட்டுலேர்ந்து கேரியர்ல மீன் கூடை கட்டிட்டு வர்றவர், டீ கேன் தொங்கவிட்டுக்கிட்டுப் போறவர், தண்ணி கேன் போடுறவர், வாட்ச்மேன் டூட்டி முடிச்சு வர்றவர், கொத்தனார் வேலைக்குப் போறவர், மணலிப் பக்கம் கம்பெனிக்கு ஷிஃப்ட் போறவர், அப்பறம் உங்க பசங்க. இவங்க யாருமே மனு குடுக்க மாட்டாங்க, கூட்டத்துக்கு வர மாட்டாங்க, அவங்களுக்கு நேரமே கெடையாது. எந்தக் கணக்குலயும் இவங்க இல்லாததாலதான் ரோடு போடும்போது ஓரத்துல ஒரு அடி கூட அவங்களுக்குன்னு ஒதுங்கல. நீங்க எண்ணி எழுதினா முதல் தடவையா கணக்குல வருவாங்க.

எப்படி எண்றதுன்னா, அந்தத் துண்டுல ஒரே இடத்துல ரெண்டு பேர் உக்காருங்க, ஒருத்தர் இந்தப் பக்கம் போறத, ஒருத்தர் அந்தப் பக்கம் போறத. கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்ட பேப்பர். காலைல நாலரைலேர்ந்து ஏழு வரைக்கும் ஒண்ணு, ஸ்கூல் நேரம் ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. சாதாரண நாள் ரெண்டு, ஒரு சனிக்கெழம. சைக்கிள், மூணு சக்கர மீன்பாடி வண்டி, தள்ளுவண்டி தனித்தனியா. பொம்பளைங்க எத்தன, யூனிஃபார்ம்ல பசங்க எத்தன. அதே நேரத்துல அந்தத் துண்டுல ஓரத்துல எத்தன வண்டி நிக்குது, அதுல எது ஒரு மணி நேரத்துக்கு மேல அசையவே இல்லங்கிறதும் எழுதுங்க. பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறீங்க, அவங்களே அழகா கிராஃப் போட்டுடுவாங்க.

மீன்பாடி வண்டின்னு தனியா எழுதச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. தடுப்புக் கம்பத்த ரொம்ப நெருக்கி வெச்சிட்டாங்கன்னா ஆட்டோவத் தடுக்கிறேன்னு மிதிக்கிற மீன்பாடி வண்டியையும் தடுத்துடுவாங்க, அப்ப அவர் வெளிய லாரியோடதான் போகணும். வேற ஊர் டிராயிங்க அப்படியே எடுத்து இங்க வெச்சா இந்த மாதிரி ஆகும். அந்த வண்டிங்க ரெண்டு மூணத்த அளந்து அந்த அளவையும் உங்க மனுவுலயே எழுதிக் குடுங்க.

இன்னொண்ணு மழைத்தண்ணி. நம்ம பக்கம் தண்ணி நிக்கிறதப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எவ்ளோ நாள் கஷ்டப்பட்டோம். ரோட்டோரமா இடைவெளியே இல்லாம கர்ப் கட்டினா ரோட்டுத் தண்ணி வடிகாலுக்குப் போகாது, சைக்கிள் லேன் வந்ததாலதான் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு மொத மழைலேயே ஜனங்க உங்களத் திட்டுவாங்க, அந்தத் திட்டுல நியாயமும் இருக்கும். அதனால கர்ப்புல அங்கங்க இடைவெளி, இல்ல வடிகால் வாய் நேரா ரோட்டுத் தண்ணி போற மாதிரி வழி கேளுங்க. ஓரத்துல இருக்கிற இரும்புக் கம்பிச் சல்லடை மூடிய கவனிச்சிருக்கீங்களா, கம்பி வண்டி போற திசையிலேயே நீளமா இருந்தா சைக்கிள் சக்கரம் உள்ள மாட்டிக்கும், குறுக்கா இருக்கணும். மேன்ஹோல் மூடி ரோட்டு மட்டத்துக்கு இருக்கணும். மேல மேல தார் போட்டு ரோட்ட உசத்தாம, பழசச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-லேயே அரசு சொல்லியாச்சு, அதையும் சேத்து ஞாபகப்படுத்துங்க.

கடைக்காரங்க விஷயம். அவங்கள எதிரியா நெனச்சீங்கன்னா இந்த வேலை நடக்காது, கவுன்சிலர் தினம் தினம் பாக்குறது அவங்க முகத்தத்தான். அவங்களோட பயம் நியாயமானது, வட்டி கட்டி கடை ஓட்டுறாங்க. ஆனா கார்ல வர்றவங்கதான் நம்ம வியாபாரம்னு கடைக்காரங்க நெனைக்கிறது உலகம் பூரா இருக்கிற ஒரு தப்புக் கணக்கு. இங்கிலாந்துல பிரிஸ்டல்னு ஒரு ஊர்ல 2006-ல கேட்டுப் பாத்தாங்க, கடைக்காரங்க எங்க ஆளுங்கள்ல நூத்துக்கு 41 பேர் கார்ல வர்றாங்கன்னாங்க, வாடிக்கையாளர்கிட்டயே கேட்டா 22 பேர்தான். டி.எச். ரோட்ல எவ்ளோன்னு நீங்க எண்ணிக் காமிங்க, கடை வாசல்லயே அவங்க அனுமதியோட நின்னு, எப்படி வந்தீங்கன்னு ஒரே கேள்வி. நடந்து வந்தவங்க, பஸ்ல வந்தவங்க, மெட்ரோல வந்தவங்கன்னு கூட்டினா அவங்களே அசந்து போவாங்கன்னு நான் நம்புறேன். சரக்கு இறக்குறது நிஜமான பிரச்சன, அதுக்கு காலைல இந்த நேரத்துக்குள்ள, இந்த இடத்துல வண்டி நிறுத்திக்கலாம்னு நீங்களே ஒரு யோசனைய எழுதிக் கொண்டு போங்க. டூவீலர் பார்க்கிங்குக்கு பக்கத்துத் தெரு முனைல இடம் காமிங்க.

பிளாட்பாரத்துல கடை போட்டிருக்கிறவங்க, பூக்காரம்மா, இட்லிக்கடை ஆயா, இவங்களையும் மறந்துடாதீங்க. சைக்கிள் லேன் பேரச் சொல்லி அவங்கள அப்புறப்படுத்தினா அத நான் வெற்றின்னு சொல்ல மாட்டேன். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல வந்தது, கணக்கெடுத்து சான்றிதழ் குடுக்காம யாரையும் அகற்றக்கூடாதுன்னு அதுல இருக்கு. அவங்களையும் வெச்சுத்தான் டிராயிங் போடணும்னு உங்க மனுவுலயே எழுதுங்க, அப்பத்தான் அவங்களும் உங்களோட வருவாங்க.

மறியல் வேண்டாம் தம்பி. கோவம் எனக்கும் புரியுது, ஒரு பையன் கால் உடைஞ்சதுக்கு அப்பறமும் இடம் இல்லன்னு சொன்னா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா மறியல்ல கேஸ் விழுந்தா அது உங்க பதினெட்டு இருவது வயசுப் பசங்க மேலதான் விழும், நாளைக்கு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் வெரிஃபிகேஷன்ல அது வந்து நிக்கும், அவங்க எதிர்காலத்த நாம பணயம் வைக்கக்கூடாது. ரோட்டக் காலி பண்ணி சைக்கிள் ஓட்டணும்னா போலீஸ் அனுமதியோடயே பண்ணலாம். ஒரு ஞாயித்துக்கெழம காலைல ரெண்டு மணி நேரம், அந்தத் துண்டுல மட்டும், போலீஸ் கோன் வெச்சு ஒரு பக்கம் ரெண்டு மீட்டர் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்க. பசங்க ஓட்டட்டும், பெத்தவங்க பாக்கட்டும், பஸ் நிக்காமப் போகுதுங்கிறதையும் எல்லாரும் பாக்கட்டும், கவுன்சிலரையே தொடங்கி வைக்கக் கூப்பிடுங்க.

ஹாலந்துல இப்ப ரோடு பூரா சைக்கிள் ஓடுதுன்னா அது அப்படியே பொறந்த ஊர் இல்ல. 1971-ல அந்தக் குட்டி நாட்டுல ரோட்டு விபத்துல மூவாயிரத்து முந்நூறு பேர் கிட்ட செத்தாங்க, அதுல நானூறுக்கும் மேல குழந்தைங்க. பெத்தவங்கதான் கெளம்பினாங்க, "குழந்தைக் கொலையை நிறுத்து"ன்னு பேரு வெச்சே இயக்கம் நடத்தினாங்க. ஆம்ஸ்டர்டாம்ல டி பெய்ப்னு நெருக்கமான தொழிலாளிங்க ஏரியா, நம்ம தண்டையார்பேட்டை மாதிரியே சந்து சந்தா இருக்கும், அங்க பசங்களே எங்க தெருவுல வெளையாட இடம் குடுங்கன்னு போராடினாங்க. சட்டம் போட்டவங்க அப்பறமாத்தான் வந்தாங்க. ஸ்பெயின்ல செவில்ங்கிற ஊர்ல சைக்கிளே கெடையாதுங்கிற நெலமைலேர்ந்து 2007 வாக்குல ஒரே மூச்சுல எம்பது கிலோமீட்டர் தடுப்பு வெச்ச பாதை போட்டாங்க, கொஞ்ச வருஷத்துலயே ஓட்டுறவங்க பல மடங்கு ஆனாங்க, துண்டு துண்டா போடாம ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி போட்டதுதான் காரணம். உங்க மொதத் துண்டு முடிஞ்சதும் அடுத்தது எங்க போய்ச் சேரணும்னு இப்பவே ஒரு மேப்ல வரைஞ்சு வெச்சுக்கோங்க.

பேசும்போது வெறுங்கையோட போகாதீங்க. சென்னை மாநகராட்சிக்கு நடந்து போறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும்னே ஒரு கொள்கை இருக்கு, 2014-ல நிறைவேத்தினது, இந்தியாலேயே முதல்ல இப்படி ஒண்ணு கொண்டு வந்த மாநகராட்சி நம்மதுதான், போக்குவரத்துப் பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் இதுக்குச் செலவு பண்ணணும்னு அதுல எழுதியிருக்கு. சைக்கிள் பாதை எப்படிப் போடணும்னு ரோட்டுக்கு ஸ்டாண்டர்டு வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்ங்கிற அமைப்பு ஐஆர்சி 11னு ஒரு வழிகாட்டி 1962-லேயே போட்டு 2015-ல திருத்தியிருக்காங்க, அதனால "இதுக்கு ஸ்டாண்டர்டு இல்ல"ன்னு எந்த இன்ஜினியரும் சொல்ல முடியாது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்ல தங்கசாலைல தொடங்கினப்ப 4,181 கோடின்னாங்க. அதுல எங்க ரோட்டோரத்துக்கு என்ன வருதுன்னு கேக்குறது உங்க உரிமை. எல்லாத்துக்கும் மேல, பதினொண்ணாவது படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே சைக்கிள் குடுக்குது, 2001-ல ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு அப்பறம் எல்லாருக்கும்னு ஆன திட்டம், எத்தனையோ பொண்ணுங்க படிப்ப நிறுத்தாம இருந்ததுக்கு அந்த சைக்கிள் ஒரு காரணம், நான் அத ரொம்ப மதிக்கிறேன். அந்த சைக்கிள் உங்க தெருவுல பூட்டிக் கெடக்குது. இத எந்தக் கட்சிக்காரர்கிட்டயும் சொல்லலாம், யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க.

எங்க சொல்றதுன்னா, உங்க வார்டு ஏரியா சபைக் கூட்டத்துல சொல்லுங்க. உள்ளாட்சி தினம் நவம்பர் 1, அத ஒட்டியும் நடத்துவாங்க. அங்க பேசினா பத்தாது, தீர்மானமா எழுத வைக்கணும், மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) காப்பி கேட்டு வாங்கணும். கவுன்சிலர்கிட்ட அந்த எண்ணின பேப்பர், அளந்த பேப்பர், கடைக்காரங்க கையெழுத்து, மூணும் சேத்துக் குடுங்க. அவருக்கும் மண்டலக் கூட்டத்துல பேச கைல ஏதாவது வேணும்ல.

அதுக்கெல்லாம் முன்னாடி இந்த வாரமே ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டுடுங்க, ஏன்னா ரோடு போட்டு முடிச்சப்பறம் கேட்டா இன்னும் அஞ்சாறு வருஷத்துக்குத் தொட மாட்டாங்க, டெண்டருக்கு முன்னாடி கேட்டா அதே செலவுல கர்ப்பையும் சேத்துப் போட்டுட முடியும். பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு, ஸ்பீட் போஸ்ட்ல. முப்பது நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு. ரொம்ப நீட்ட வேணாம், நாலே கேள்வி: இன்ன இடத்துலேர்ந்து இன்ன இடம் வரைக்கும் இந்த ரோடு மாநகராட்சி பேருந்து சாலைகள் துறைதா, மண்டலத்துதா, நெடுஞ்சாலைத் துறைதா; கடைசியா எப்ப போட்டாங்க, அடுத்து எப்ப போடப் போறாங்க; அதுக்கு மதிப்பீடு, டிராயிங் தயாரா, ஆச்சுன்னா அதோட நகல்; அந்த டிராயிங்ல நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் எத்தன மீட்டர் ஒதுக்கியிருக்காங்க. பதில் வந்ததும் அந்த டிராயிங்க எனக்கு அனுப்புங்க தம்பி, நீங்க அளந்த அளவோட வெச்சு எங்க ரெண்டு மீட்டர் எடுக்கலாம்னு நான் கோடு போட்டுத் தரேன்.